கடைசிக் காணிக்கு முதல் தண்ணீர்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்காக அச்சிட்ட நினைவு மலரில் அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மணம், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலர்களுக்குரிய ஒழுங்கில் எழுதி, இறுதியில் அவர் வகித்த பொறுப்புகளைச் சேர்த்தேன்: கமக்காரர் அமைப்பின் செயலாளர், சனசமூக நிலையத்தின் பொருளாளர், மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். அச்சகத்துக்குக் கொடுக்க முன்னர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தன்னலமற்ற சமூக சேவையாளர்" என்ற இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தன்னலமற்ற எண்டால்? அவர் தன்ர நலத்தை மட்டுமே விட்டவர்? எங்கட நலத்தையும் சேர்த்தெல்லோ விட்டவர்."

நான் அந்தச் சொல்லை மாற்றவில்லை. மலர் அச்சாகி, முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் அதை மடியில் வைத்துப் புரட்டி, அட்டைப்படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுப் போனார்கள். ஆனால் அம்மா சொன்னது எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அப்பா 1948ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்தவர். கிணற்று நீரும் உவராகிப் போன அந்த மண்ணை விட்டு, ஐம்பதுகளில் தாத்தா இரணைமடுக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வன்னிக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அந்தக் குளத்தின் அணைக்கட்டு பின்னர் பல தடவை உயர்த்தப்பட்டு, கிளிநொச்சியைச் சுற்றியிருந்த காடெல்லாம் வயலாகியது. எங்கள் பக்கத்து ஊர்கள் சிலவற்றுக்குப் பெயரே வாய்க்கால்தான். உருத்திரபுரத்துக்குப் போனால் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் மனிதர்கள் தங்கள் முகவரியைச் சொல்லுவார்கள். யானை வரும், பாம்பு கடிக்கும், மலேரியா தின்னும் என்று தீவில் பயமுறுத்தியவர்களையெல்லாம் கடந்து வந்த முதல் தலைமுறைக்கு, அயலவரை விட்டால் வேறு துணை இருக்கவில்லை. அப்பாவின் குணத்துக்கு வேர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எட்டு வயதில் அவருக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியபோது, பெயர் தெரியாத ஒருவர் தன் மாட்டு வண்டியைப் பூட்டி இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார் என்ற கதையை அவர் எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் யார் என்பதைத் தாத்தா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் வயல் வாய்க்காலின் தலைப்பக்கத்தில் இருந்தது. நீர்ப்பாசன வயலை அறியாதவர்களுக்கு இதன் பெறுமதி விளங்காது. குளத்து மதகான துருசு திறந்ததும் தண்ணீர் முதலில் தலைப்பக்கத்துக் காணிக்குத்தான் வரும். கடைசிக் காணிக்காரர் வரம்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோகத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் கோடையில் செய்யும் சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்துத் தண்ணீர். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் செய்யலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அந்த அளவு தண்ணீரைப் பங்கிட்டு அறுவடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஊர்க்காரரின் பொறுப்பு. நெல் குடலைப் பருவத்தில் இருக்கும்போது ஒரு கிழமை தண்ணீர் தவறினால், கதிர் வரும், மணி இராது. கையில் கசக்கினால் சப்பிதான் பறக்கும்.

அப்பா வாய்க்காலுக்குப் பொறுப்பாக வந்ததும் செய்த முதல் வேலை, முறையைக் கடைசியிலிருந்து தொடங்கியது. கடைசிக் காணி நனைந்த பிறகு அதற்கு முந்தின காணி, அதற்குப் பிறகு அதற்கு முந்தினது என்று மேலே மேலே வந்து, எங்கள் வயல் இறுதியில் பாயும். தலைப்பக்கத்துக்காரர்கள் கொதித்தார்கள். கீழே போகிற தண்ணீரில் பாதி வாய்க்கால் மண்ணே குடித்துவிடும், இது வீண் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அப்பா அதற்குச் சொன்ன பதில், அப்படியென்றால் எல்லாரும் வந்து வாய்க்காலைத் துப்புரவாக்குங்கோ என்பதுதான். தங்கள் வயலுக்கு முன்னால் உள்ள துண்டை மட்டும் செருக்கிவிட்டுப் போனவர்கள், தண்ணீர் கடைசிவரை ஓடித் திரும்பினால்தான் தங்கள் முறை வரும் என்றானதும், முழு வாய்க்காலையும் இறங்கித் துப்புரவாக்கினார்கள். மண்வெட்டியோடு முன்னால் நின்றவர் அப்பா. வழமையாகத் திறக்கும் நேரத்தை விடக் குறைந்த நேரத்தில் அந்த வருடம் கடைசிக் காணி நனைந்தது என்று, அந்தக் காணிக்காரர் செத்த வீட்டுக்கு வந்திருந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னார். அவருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.

இதே முறையால் ஒரு சிறுபோகத்தில் எங்கள் வயல் மணி பிடிக்காமல் சாவியாகிப் போனது. எனக்கு ஆறு வயது. குளம் எதிர்பார்த்ததை விட விரைவாக வற்றி, கடைசிச் சுற்றில் தண்ணீர் எங்கள் வரம்புக்கு வந்து சேர முன்னர் துருசை மூடிவிட்டார்கள். அதே போகத்தில்தான் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, இரவில் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் விட்டதை, அரிக்கன் லாம்போடு காவலுக்குப் போன அப்பா கண்டார். மைத்துனர் என்று பாராமல் மறுநாள் கூட்டத்தில் ஐம்பது ரூபா தண்டம் எழுதினார். மாமா படலையில் நின்று, "அக்கா, உங்கட மனுசனுக்கு உறவும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று சத்தமிட்டுவிட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா மூன்று கிழமை அப்பாவோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். நெல் இல்லாத அந்த வருடத்தில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்காக இருந்தது. நான் அப்பாவின் மீது கோபப்பட்ட முதல் வருடமும் அதுதான். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை முதலில் பார்க்கிறார்கள், எங்கள் அப்பா மட்டும் ஏன் இப்படி என்று அழுதிருக்கிறேன். அந்தக் கோபம் முழுமையாகத் தீர்ந்துவிட்டது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நீதியை விடச் சோறு முக்கியம்.

ஆனால் அவர் வீட்டை மறந்த மனிதர் என்று யாராவது சொன்னால் அது பொய். அம்மாவுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா. மாரி தொடங்கினால் இரவு மூன்று மணிக்கு இழுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் எழும்பி அடுப்பு மூட்டி, மல்லிக் கோப்பி வைத்து, அம்மாவின் முதுகைத் தடவியபடி விடியும் வரை பக்கத்தில் இருந்தவர் அப்பா. பள்ளிக்கூடம் தொடங்கும்போது எங்கள் மூவரின் கொப்பிகளுக்கும் ஈழநாதப் பத்திரிகையை மடித்து உறை போடுவதை வேறு யாரிடமும் விடமாட்டார். மரண அறிவித்தல் உள்ள பக்கம் வெளியே தெரியாதபடி பார்த்து மடிப்பார். பெயரை அவரே எழுதுவார். அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்டு இருந்தபோது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த காலம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரிக்கும் விளக்குத்தான் வன்னி முழுவதும் பிள்ளைகளைப் படிப்பித்தது. பரீட்சை நாட்களில் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டு, முடியும் வரை வெளியே ஒரு பாலை மரத்தடியில் அப்பா காத்திருந்தார். ஊரே கொட்டிலுக்குத் தடி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எனக்காக மட்டும் அத்தனை நாட்கள் அங்கே இருக்கிறார் என்பதில் எனக்கு எத்தனை பெருமை! கடைசி நாள் சற்று முன்னதாக வெளியே வந்து பார்த்தால், மரத்தடியில் ஏழெட்டுப் பேர் சுற்றியிருக்க, அப்பா சைக்கிள் இருக்கையில் கொப்பியை வைத்து ஒவ்வொருவருக்கும் நிவாரண அட்டைக்கான விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்தே அப்படித்தானாம். எனக்கு முகம் விழுந்துவிட்டது. "பிள்ளை, உனக்காகத்தான் வந்தனான். வந்த இடத்திலை சும்மா இருக்கேலாமல் இதையும் செய்தனான்" என்றார். இன்று யோசிக்கும்போது, அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. வீடு ஒரு பக்கம், ஊர் மறுபக்கம் என்று தராசில் வைத்துப் பார்த்தது நாங்கள்தான், அவர் வைக்கவில்லை.

மரண உதவிச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செத்த வீட்டுக்குப் பந்தல், பறை, பாடை, சுடலைக்கு விறகு, வந்தவர்களுக்குத் தேநீர் என்று ஏழை வீட்டுக்கு ஒரே நாளில் வரும் செலவைத் தாங்குவதற்காக, மாதச் சந்தா சேர்த்து வைக்கும் சங்கம் அது. தொடக்கத்தில், வாய்க்காலில் காணி அனுமதிப்பத்திரம் உள்ளவர்களே உறுப்பினராகலாம் என்று விதி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்கள், 1958இலும் 1977இலும் 1983இலும் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தார்கள். எங்கள் வயல்களில் நாற்றுப் பிடுங்கியவர்களும் களை பிடுங்கியவர்களும் சூடடித்தவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். காட்டோரத்தில் பெர்மிற் இல்லாத துண்டில் குடிசை போட்டு இருந்தார்கள். எங்கள் ஊர் அவர்களை நன்றாக நடத்தவில்லை. இதை எழுதாமல் விட்டால் அப்பா செய்தது விளங்காது. அவர்களில் ஒரு முதியவர் இறந்தபோது, உடலைச் சுற்றுவதற்குப் புதுத் துணிகூட இல்லாமல் பழைய சாக்கில் வைத்துக் கொண்டு போனதை அப்பா கண்டிருக்கிறார். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று எழுந்து நின்றார். காணி இல்லாதவனை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டதற்கு, "சாவுக்கும் பெர்மிற் வேணுமோ?" என்று கேட்டாராம். நான் பிறக்க முன்னர் நடந்த கூட்டம் அது. ஊரில் இன்றும் இந்த வசனத்தைச் சொல்லிக் காட்டுவார்கள். விதி மாற இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடமும் அவர்களுடைய சந்தாவை ஒரு தனிக் கொப்பியில் எழுதித் தன் பொறுப்பில் வைத்திருந்தார்.

2008இன் கடைசி மாதங்களில் யுத்தம் நெருங்கி, கிளிநொச்சி மறுபடியும் வெறுமையாகியது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று சனம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணல்துண்டில் வந்து முட்டியது. ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வந்தோம். நெல் மூட்டை, உழவு இயந்திரம், மாடு, அம்மியும் குழவியும், கதவு நிலை என்று எல்லாம் போன பிறகும் அப்பாவின் இடுப்பில், பொலித்தீனால் சுற்றி, சங்கக் கொப்பி இருந்தது. பங்கருக்குள் இருந்து அதில் எழுதுவார். உறுப்பினர் ஒருவரோ அவர் வீட்டில் ஒருவரோ செத்தார் என்று கேள்விப்பட்டால், பெயர், திகதி, இடம். "கொடுப்பனவு" என்ற நிரலில் முன்னர் தொகை எழுதும் இடத்தில் "பாக்கி" என்று எழுதினார். பந்தல் இல்லை, பறை இல்லை, பலருக்குக் குழிகூட ஒழுங்காக வெட்டவில்லை. சங்கத்தில் ஒரு சதமும் இல்லை. அந்த நிலையில் பாக்கி என்று எழுதுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. அந்தப் பக்கங்களின் நடுவில் என் மாமாவின் பெயரும் இருக்கிறது, அதே ஒழுங்கான கையெழுத்தில்.

பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி, கதிர்காமர் என்று பெரியவர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். உள்ளே குளிக்கத் தண்ணீர் இல்லை. வாழ்க்கை முழுவதும் தண்ணீரைப் பங்கிட்ட மனிதர் அங்கே ஒரு வாளியோடு வரிசையில் நின்றார். இரண்டு நாளில் அந்த வரிசைக்கு ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? குழந்தை உள்ளவர்கள் முதலில், தனித்த பெண்கள் அடுத்து என்று அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிய அந்தப் பட்டியலை, எங்கள் பகுதியில் இருந்தவர்கள் கடைசிவரை மதித்தார்கள்.

2010இல் ஊருக்குத் திரும்பித் தறப்பாளின் கீழ் இருந்த நாட்களிலேயே சங்கத்தை மீண்டும் தொடங்கினார். முதலில் சேர்ந்த பணத்தில் ஐம்பது பிளாஸ்ரிக் கதிரை வாங்கப்பட்டது. ஒவ்வொன்றின் முதுகுப்புறத்திலும் சிவப்புப் பூச்சால் இலக்கம் எழுதினார். அதன் பிறகுதான் பழைய கொப்பியைக் கூட்டத்தில் வைத்தார். 2009இல் செத்தவர்கள் சந்தா கட்டிய உறுப்பினர்கள். அவர்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. அதைக் கொடுத்து முடிக்காமல் புதுக் கணக்குத் திறக்க முடியாது என்றார். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லையாம். வீடு கட்டக் கல் இல்லாத சனம் அது. ஆனாலும் ஒவ்வொரு போகமும் அறுவடை முடிந்ததும் இயன்றவர்கள் ஒரு மூட்டை நெல் தருவதென்று முடிவாகி, மூன்று நான்கு குடும்பங்களாகப் பாக்கி தீர்க்கத் தொடங்கினார்கள். பாக்கியை வாங்கிக் கையெழுத்து வைத்த தாய்மார் பலர், தங்கள் பிள்ளைக்கு ஒரு செத்த வீடு நடந்ததாக அன்றுதான் உணர்ந்தார்கள் என்று அப்பா ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லும்போது அவரால் முழுதாகச் சொல்லி முடிக்க இயலவில்லை. ஒரு போகம் நெல் குறைந்தபோது, எங்கள் பசுக்களில் ஒன்றை அம்மாவைக் கேட்காமல் விற்றார். அது பிழை என்று நான் அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

இரணைமடுத் தண்ணீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகும் திட்டம் பேசப்பட்டபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்பா இரு தரப்புக்கும் நல்லவராக இருக்க முயலவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு இல்லை என்று சொல்லுகிற வாய் எனக்கு இல்லை, ஆனால் சிறுபோகத்துக்கே எங்களுக்குப் போதாத தண்ணீரில் எத்தனை அடியை எந்த மாதத்தில் எடுப்பீர்கள் என்று கணக்குக் காட்டுங்கள் என்று கேட்டார். தீவகத்தில் உவர்த்தண்ணீர் குடித்து வளர்ந்தவர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்க அவரை விடத் தகுதியானவர் எங்கள் ஊரில் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

2018 டிசெம்பர் வெள்ளத்தில் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊர்கள் மூழ்கியபோது எழுபது வயதில் இடுப்பளவு தண்ணீரில் நடந்ததுதான் அவரைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு செயலாளர் பொறுப்பை ஒரு இளைஞனிடம் கொடுத்தார். சாக்கில் சுற்றிக் கொண்டு போனதாகச் சொன்னேனே, அந்த முதியவரின் பேரன் அவன். கொப்பியைக் கொடுக்கும்போது, கூட்டல் பிழைக்காமல் பார்க்கும்படி மட்டும் சொன்னாராம்.

2022ஆம் ஆண்டு தை மாதம், காலபோக அறுவடைக்கு முன்னர் அப்பா காலமானார். ஊரில் உள்ள அத்தனை கதிரைகளும் எங்கள் வளவுக்கு வந்தன. நான் இருந்த கதிரையின் முதுகில் 17 என்று இருந்தது. ஏழின் வாலை அவர் சற்று வளைத்து எழுதுவார்.

எட்டுச்செலவு முடிந்த மறுநாள் காலையில் அந்த இளைஞன் கொப்பியோடும் மரண உதவிப் பணத்தோடும் வந்தான். முற்றத்தில் நின்றபடியே, "அம்மா, கணக்கைச் சரிபார்த்து வாங்குங்க" என்று நீட்டினான். அம்மா திண்ணையில் இருந்து பணத்தை இரண்டு தரம் எண்ணினார். கொப்பியை மடியில் வைத்து, மேலே இருந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். 2009ஆம் ஆண்டுப் பாக்கியில் இன்னும் மூன்று பெயர்கள், வாங்குவதற்கு வீட்டில் ஒருவரும் மிஞ்சாதவர்கள், வருடா வருடம் புதுப் பக்கத்துக்குப் பெயர்த்து எழுதப்பட்டு அப்படியே இருந்தன. அவற்றின் கீழே அப்பாவின் பெயர். அதற்கு நேரே அம்மா கையெழுத்து வைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்து, "கதிரை ரெண்டு மாட்டுக் கொட்டிலுக்கை கிடக்கு தம்பி. குறையுதெண்டு எழுதிப்போடாதை, எடுத்துக்கொண்டு போ" என்றார்.